முதலில் விரல், பிறகு ரோபோ: கொங்கு நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி டீன்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் டீன்களுக்கும் அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர்களுக்கும் வணக்கமுங்க.

எனக்குக் காங்கேயம் பக்கம். என் அண்ணன் கொப்பரைக் களத்தில் வேலை பார்த்தவர். 44 வயதில் மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. நாளெல்லாம் வெயிலில் நிற்கிற உடம்பு, சூடுதான் என்று அவரே முடிவு செய்துகொண்டார். துத்தி இலை வதக்கிச் சாப்பிட்டார், கருணைக்கிழங்கு, மோர் எல்லாம் பார்த்தாயிற்று. அப்புறம் ‘மூலம், பௌத்திரம்’ என்று போர்டு வைத்த ஒரு கிளினிக். அங்கிருந்து இன்னொரு மருத்துவமனை. மாத்திரை, களிம்பு, மறுபடி மாத்திரை. 14 மாதம் ஓடிப்போனது. அத்தனை நாளில் ஒருவர்கூடக் கையுறை மாட்டி ஆசனவாயில் விரல் வைத்துப் பார்க்கவில்லை.

விரல் வைத்துப் பார்த்த அன்றைக்கே கட்டி தட்டுப்பட்டுவிட்டது. ஆசனவாய்க்குப் பக்கத்தில், சுருக்குத்தசை வரை பரவிய புற்றுநோய். கதிர்வீச்சு கொடுத்தார்கள், கீமோ கொடுத்தார்கள், பிறகு ஆசனவாயோடு சேர்த்து மலக்குடலை எடுத்தார்கள். இடது அடிவயிற்றில், மலம் சேர நிரந்தரமாக ஒரு பை. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த அந்த மருத்துவர்களை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஆனால் என் பையனுக்குக் காது குத்திய அன்று, தாய்மாமன் மடியில் உட்கார வைக்கக் கூப்பிட்டால் அண்ணன் எழுந்து வரவில்லை. “வேண்டாம் அம்மிணி, பை கசிஞ்சுட்டா என்ன பண்றது?” என்றார். துண்டை நாலாக மடித்து வயிற்றோடு அழுத்திப் பிடித்தபடி கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

அண்ணனைப் பார்த்த பயத்தில்தான் என் மாமியாரைச் சீக்கிரம் கூட்டிப் போனோம். அவருக்கும் ரத்தம்தான். கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிற கொலோனோஸ்கோபியில், மலக்குடலுக்குள் 8 சென்டிமீட்டர் உயரத்தில், அகலமாகப் படர்ந்த ஒரு பாலிப், அதாவது பின்னால் புற்றாக மாறக்கூடிய ஒரு சதை வளர்ச்சி, தெரிந்தது. ஸ்கோப் வழியாகக் கம்பி போட்டு ஒரே துண்டாக எடுக்க முடியாத அளவு. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆசனவாய் வழியாகவே, வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லாமல் எடுத்தார்கள். எடுத்த சதையை ஒரு தக்கைப் பலகையில் விரித்து, சுற்றிலும் குண்டூசி குத்தி, நாலு பக்கமும் ஓரம் தெரிகிற மாதிரி பரிசோதனைக்கு அனுப்பினார்கள். துண்டுதுண்டாக எடுத்தால் ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாதாம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து பொடக்காலியில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். செலவுக்கு என் நகையை வைத்தோம். அந்த வசதிகூட இல்லாதவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

இந்த முறை ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1983-லேயே ஜெர்மனியில் கெர்ஹார்ட் பூஸ் என்ற மருத்துவர், 4 சென்டிமீட்டர் அகல உலோகக் குழாயை உள்ளே வைத்து, வாயுவால் மலக்குடலை விரித்து, கட்டியை எடுத்துக் காட்டினார். அதற்குத் தனிக் கருவிகள் வேண்டும், விலையும் அதிகம். 2009-ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் வந்த ‘டாமிஸ்’ முறைதான் வழியைத் திறந்துவிட்டது. ஆசனவாயில் உலோகக் குழாய்க்குப் பதில், கருவிகள் நுழைய வழிவிடும் மெத்தென்ற ஒரு போர்ட். மற்றதெல்லாம் பித்தப்பைக்கும் குடல்வாலுக்கும் எடுக்கிற அதே லேப்ராஸ்கோபி (சிறு துளை வழி அறுவை சிகிச்சை) கேமராவும் கருவிகளும்தான். உங்கள் தியேட்டர்களில் ஏற்கெனவே இருப்பவை. டாக்டர் சி. பழனிவேலு லேப்ராஸ்கோபியை வளர்த்தெடுத்த கோவையில் இதைக் கற்றுக்கொடுக்க ஆளில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அறுவை சிகிச்சைக்கு ரோபோ வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் குறுகிய இடத்தில் மணிக்கட்டு மாதிரி வளைகிற கருவியும் முப்பரிமாணப் பார்வையும் இருந்தால் தையல் போடுவது சுலபம். 2022-ல் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு ஏறத்தாழ 35 கோடி ரூபாயில் ரோபோ வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் 10 நாடுகளில் 471 மலக்குடல் புற்றுநோயாளிகளை வைத்து நடத்தி 2017-ல் வெளியிட்ட ரோலார் ஆய்வில், பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டி வருவது லேப்ராஸ்கோபியைவிட ரோபோவால் குறிப்பிடும்படி குறையவில்லை. பிறகு சீனாவில் நடந்த பெரிய ஆய்வில் ரோபோவுக்குச் சாதகமான முடிவு வந்ததும் உண்மை. அதனால் வரட்டும், நல்லதுதான். அது வரும்வரை டாமிஸைக் காக்க வைக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

எல்லாருக்கும் டாமிஸ் பொருந்தாது என்பதும் தெரியும். பாலிப்புக்கும், மேலோட்டமாக இருக்கிற ஆரம்பநிலைப் புற்றுநோய்க்கும்தான். புற்றுநோய் என்றால் பொதுவாக 3 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், முன்கூட்டியே எம்ஆர்ஐ பார்க்க வேண்டும். சோதனை முடிவில் ஆழமாகப் போயிருந்தால் பெரிய அறுவை சிகிச்சைதான். ஒரு பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் 10 வருடம்போல் ஆகும் என்கிறார்கள். அவ்வளவு நாள் கையில் இருந்தும் கோட்டை விடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

ஆகவே கேட்கிறேன். புறநோயாளிப் பிரிவில் யார் வந்து ‘மூலம்’ என்று சொன்னாலும் விரல் வைத்துப் பார்க்காமல் களிம்பு எழுதக் கூடாது என்று உங்கள் பயிற்சி மருத்துவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பெண்கள் கூச்சப்படுவார்கள், ஒரு திரையும் பெண் மருத்துவரும் இருந்தால் சம்மதிப்பார்கள், என் மாமியாரே சம்மதித்தார். விரல் 7, 8 சென்டிமீட்டர்தான் எட்டும். அதற்கு மேலே பார்க்க, ரத்தம் போகிறவர்களுக்கு ஸ்கோப் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போகாமல் கிடைக்க வேண்டும். அப்புறம், ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் ஓர் அறுவை மருத்துவரையாவது இந்த வருடம் டாமிஸ் பயிற்சிக்கு அனுப்பி வையுங்கள்.

உங்கள் மாணவர்கள் முன்னால் வந்து பேச அண்ணன் தயாராக இருக்கிறார். கூப்பிட்டால் நானே கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை