ஆம்னியில் பெட்ரோல் வாடை

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. காது குத்தும்போது பேத்தியைவிடத் தாய்மாமன்தான் அதிகம் அழுதான் என்று எழுதியிருந்தாயே, இவள் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

பழைய மாருதி ஆம்னி வேன் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்கிறாய். என் 2006 மாடல் பண்ணிய கூத்தைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணு.

காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் பெட்ரோல் வாடை. ஓடத் தொடங்கினால் காற்றில் தெரியாது. டேங்க் மூடியை மாற்றினேன். ராத்திரி அடியில் அட்டை விரித்தேன். விடிந்து பார்த்தால் ஒரு பொட்டு ஈரமில்லை. மூக்குதான் கெட்டுவிட்டது என்று விட்டுவிட்டேன். கார்த்திகையன்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன், நாலடி தள்ளிப் படியில் இவள் அகல் வரிசை வைத்திருக்கிறாள். குப்பென்று வாடை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடுதான் படரும். விளக்கையெல்லாம் வாயால் ஊதி அணைத்தேன். அதற்கு இன்னும் திட்டு வாங்குகிறேன்.

மறுநாள் வண்டியைத் தெருவுக்குத் தள்ளி, இன்ஜின் இருக்கிற முன்சீட்டைத் தூக்கிவிட்டு, மச்சினனைச் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பச் சொன்னேன். டேங்குக்குள் பம்ப் இரண்டு விநாடி 'விர்'ரென்று ஓடி நிற்கும். மூன்றாவது தடவை டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது: பெட்ரோல் போகிற ரப்பர் ஹோஸில் கிளிப் ஓரமாக வியர்வை மாதிரி ஒரு முத்து. அடுத்த திருப்பில் ஊசியாய்ப் பீய்ச்சியது. பம்ப் நின்றதும் அதுவும் நின்றது. ராத்திரி அட்டை எப்படி நனையும்?

இரண்டு வருஷம் முன்பு ஒரு பட்டறையில் பெட்ரோல் அழுத்தம் குறைவான பழைய கார்புரேட்டர் வண்டிக்குப் போடுகிற சாதா ஹோஸை மாட்டியிருக்கிறார்கள். என் வண்டியோ பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன் வகை. டயருக்கே 30 பவுண்டுக்குப் பக்கம்தான் காற்றுப் பிடிக்கிறோம். இன்ஜெக்‌ஷன் லைனில் சுமார் 40 பவுண்டு. போதாததற்குக் கிளிப்பை முறுக்கிய முறுக்கில் ரப்பரே வெட்டுப்பட்டிருந்தது. இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலும் பழைய ரப்பருக்கு ஆகாது.

பம்ப் பியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் ஹோஸில் கை வைத்தேன். இன்ஜெக்‌ஷன் ஹோஸே கேட்டு வாங்கி எல்லாவற்றையும் மாற்றியாயிற்று.

நீ பார்க்கப் போகும் வண்டியை முன்கூட்டியே சூடுபண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. விடியற்காலையில் போ. சீட்டைத் தூக்கச் சொல்லி முதலில் மோந்து பார். தயங்கினால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடு.

தைக்கு இங்கே வருகிறாயா இல்லையா? அதை எழுதவேயில்லையே.

உன்
பழைய பெஞ்சுக்காரன்