21 வயசுக்கு மேல அலோ இல்லைன்னு சொன்ன டோர்னமென்ட் கமிட்டிக்காரங்களுக்கு

நோம்பிக்கும் பொங்கலுக்கும் ஊரூரா புட்பால் டோர்னமென்ட் நடத்துற கமிட்டி அண்ணன்மாருங்களுக்கு வணக்கமுங்க.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் சூப்பர்வைசருங்க. சொந்த ஊரு காங்கேயம் பக்கம். வயசு 34. ஞாயித்துக்கெழமையானா ஸ்டாப்பர் ஆடுவேன், டிஃபென்ஸ்ல நடுவால நிக்கற ஆளு. இன்ன கமிட்டி இன்ன ஊருன்னு பேரு சொல்லி யாரையும் சந்தி சிரிக்க வெக்கறதுக்கு இத எழுதலைங்க, ஏன்னா நான் விசாரிச்ச மூணு ஊர்லயும் இதே ரூலுதான் ஓடிட்டிருக்குது.

போன பொங்கலுக்கு என்னாச்சுன்னா, பெண்கள் செவன்ஸ்னு, அதான் டீமுக்கு ஏழு பேரு ஆடறது, நோட்டீஸ பார்த்துட்டு நாங்க ஒம்பது பேரு ரெண்டு ஸ்கூட்டி ஒரு ஆம்னில ஏறி காலைல ஆறரைக்கே போய் எறங்கிட்டோம், என்ட்ரி பீஸு 500 ரூவாய எல்லார்கிட்டயும் வாங்கி எண்ணி கைல வெச்சிருந்தேன், டேபிள்ல உக்காந்திருந்த அண்ணன் ஆதார் ஜெராக்ஸ ஒவ்வொண்ணா பார்த்துட்டு என்ற மூஞ்சிய பார்த்தாரு, பொறவு மறுக்கா ஜெராக்ஸ பார்த்தாரு, "இது அண்டர் 21 ங்கம்மா, நோட்டீஸ்ல போட்டிருக்குதுங்களே"ன்னாரு. ஆமா போட்டிருந்துச்சு, ஸ்பான்சர் பேருக்கெல்லாம் அடில, எறும்பு சைஸ்ல. எங்க டீம்ல 21க்கு கீழ ரெண்டே பேருதான். சரிங்கண்ணா, ஆம்பளைங்களுக்கு எப்படின்னு கேட்டேன். ஓபனாம். அது போக சாயங்காலம் 40 வயசுக்கு மேப்பட்டவங்களுக்கு தனியா வெட்ரன்ஸ் மேட்ச், ஜெயிக்கற டீமுக்கு ஒரு கெடா. அவரு நல்ல மனுசன்தான், எங்க மூஞ்சி வாடிப்போனத பார்த்துட்டு "லேடீஸுக்கு மியூசிக்கல் சேர் இருக்குதுங்க, கோலப்போட்டி இருக்குதுங்க, அதுக்கு வயசு வரம்பே கெடையாது, கலந்துக்கோங்க"ன்னாரு. எங்க கோலி, அதான் கோல்கீப்பர், இன்னமும் அத சொல்லிச் சொல்லி சிரிக்கறா. எனக்குத்தான் சிரிப்பு வரல. வர்ற வழில ஊத்துக்குளில வண்டிய நிறுத்தி டீ குடிச்சப்ப அந்த 500 ரூவாய திருப்பி பங்கு பிரிச்சோம் பாருங்க, அப்பத்தான் வெசனமா போச்சு.

சரி, இப்ப ஒரு ஆளப்பத்தி சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

பெக்கி சாவர்பிரன்னு ஒரு அம்மணி. அமெரிக்கா டீம்ல சென்டர் பேக், நம்ம பாஷைல ஸ்டாப்பர். 1985 ஜூன்ல பொறந்தவங்க. நாட்டுக்காக மொதோ மேட்ச் ஆடுனது 2008 ஜனவரில, சைனால, கனடாக்கு எதிரா. அப்ப வயசு 22. அந்த மேட்ச்லயே மூக்கு ஒடைஞ்சு போச்சு. இப்ப கணக்கு போட்டுப் பாருங்க, உங்க ரூலு அங்க இருந்திருந்தா அந்த ஒடைஞ்ச மூக்கு கூட அவங்களுக்கு கெடைச்சிருக்காது, அதுக்கு ஒரு வருசம் முன்னாடியே கோலப்போட்டிக்கு தாட்டி விட்டிருப்பீங்க.

அதுக்கப்பறமும் சட்டுனு இடம் கெடைச்சுரல. ரெண்டு வருசம் போல டீமுக்கு வெளிலயே இருந்தாங்க. 2011 வேர்ல்டு கப்ல மொத்தமே ஒரு மேட்ச்தான், பிரான்ஸ் கூட செமி ஃபைனல், அதுவும் வழக்கமா ஆடுற பேக்குக்கு ரெட் கார்டு விழுந்ததால. மத்தபடி பெஞ்சுதான். நெலையா இடம் புடிக்கறப்ப வயசு 27, 28 ஆயிப்போச்சு. நம்மூர்ல அந்த வயசுல ஒரு பொண்ணு பூட்ஸ் மாட்டுனா "ரெண்டு புள்ளைய பெத்துட்டு என்ன ஆட்டம்"னு கேக்க பத்து பேரு இருக்காங்க. ஆனா அவங்களுக்கு ஆட்டமே அங்கதாங்க ஆரம்பிச்சுது. அமெரிக்கா லீக்ல வருசத்தோட சிறந்த டிஃபென்டர்னு 2013, 2014, 2015ன்னு வரிசையா மூணு வருசம், அப்பறம் 34 வயசுல 2019ல மறுக்கா ஒரு தடவ. 2015 வேர்ல்டு கப்ல ஒரு நிமிசம் கூட வெளில உக்காரல, 7 மேட்ச்ல அந்த டீம் வாங்குனது 3 கோலுதான், நடுவால 5 மேட்ச் தொடர்ந்து ஒண்ணு கூட உள்ள போகல. கப்பு அவங்களுக்கு. 2019ல மறுக்கா கப்பு. 39 வயசுல, 2024 டிசம்பர்லதான் போதும்னு நிறுத்துனாங்க. நாட்டுக்கு மொத்தம் 219 மேட்ச்.

அந்த 219 மேட்ச்ல எத்தன கோல் அடிச்சாங்க தெரியுமுங்களா? முட்டை. ஒண்ணு கூட இல்ல.

எனக்கு அவங்கள புடிச்சுப் போனதே அந்த முட்டைக்காகத்தான். எங்க செக்கிங் டேபிள்லயும் இதே கதைதான். டைலர் அக்கா ஒரு நாளைக்கு எத்தன பீஸ் தெச்சாங்கன்னு போர்டுல எழுதுவாங்க. செக்கிங் புள்ள புடிச்ச டேமேஜ எவனும் போர்டுல எழுத மாட்டான், பையர் கிட்ட இருந்து கம்ப்ளைன்ட் வந்தா மட்டும் "யாரு செக் பண்ணுனது"ன்னு பேரு சொல்லி கூப்புடுவாங்க. டிஃபென்டர் பொழப்பும் அச்சு அசல் அதேதான், தப்பு பண்ணுன அன்னிக்கு மட்டும் ஊருக்கே பேரு தெரியும்.

2019 வேர்ல்டு கப்ப நான் போன்லதான் பார்த்தேன். இங்கிலாந்து கூட செமி ஃபைனல் நம்ம டைமுக்கு ராத்திரி பன்னெண்டரைக்கு ஆரம்பிச்சுது, அன்னிக்கு ஒண்ணரை ஷிப்ட் முடிச்சுட்டு வந்து, ஊட்டுல எல்லாரும் தூங்கறாங்கன்னு போர்வைக்குள்ள போன வெச்சுட்டு பார்த்துட்டிருக்கேன். அதுக்கு முந்தி ஸ்பெயின் கூட ஆடுனப்ப, கோலி குடுத்த பாஸ பெக்கி கால்ல வாங்கி அங்கயே தொலைச்சுட்டாங்க, ஸ்பெயின்காரி அத அப்படியே கோலாக்கிட்டா, அதனால எனக்கு ஏற்கனவே வயித்தக் கலக்கிட்டு இருந்துச்சு. செமில அமெரிக்கா 2-1ல லீடு, இன்னும் பத்து நிமிசம் கூட இல்ல, குறுக்க வந்த பந்துக்கு இங்கிலாந்து ஃபார்வேர்டு எலன் வைட் கால நீட்டறப்ப பெக்கி காலு அவ கால்ல பட்டுருச்சு. ரெஃப்ரி அம்மணி போய் டிவில பார்த்துட்டு வந்து பெனால்டின்னாங்க, பெக்கிக்கு மஞ்சக் கார்டு. போச்சுடா, 34 வயசு தெரிஞ்சு போச்சுன்னு நானே நெனச்சுட்டேனுங்க. கோலி அலிசா நேயர் அந்த பெனால்டிய அமுக்கிப் புடிச்சுட்டாங்க. அந்தக் கத்து கத்துனேன், மாமியா லைட்ட போட்டுட்டாங்க.

நாலு நாளு கழிச்சு ஞாயித்துக்கெழம ஃபைனல். அதே பெக்கிய அதே எடத்துல எறக்குனாங்க. நெதர்லாந்து ஒரு கோல் கூட அடிக்கல, 2-0. ரெண்டு தப்பு பண்ணிட்டாங்க, வயசாயிருச்சு, உக்கார வைன்னு எவனும் சொல்லலீங்க.

இதுல ஒரு சமாச்சாரம் இருக்குது, ஆடுனவங்களுக்குத்தான் தெரியும். ஃபார்வேர்டுக்கு வேகம் வேணும், ஸ்டாப்பருக்கு வேற ஒண்ணு வேணும், அது வர்றதுக்கு வருசம் ஆகும். ரெண்டு மாசத்துக்கு முந்தி பல்லடம் பக்கம் காலேஜ் புள்ளைங்க கூட சும்மா ஒரு மேட்ச் போட்டோம். ஒருத்தி, 19 வயசு, காத்தாட்டம் ஓடறா. மொதோ அஞ்சு நிமிசத்துல ரெண்டு தடவ என்னைத் தாண்டிட்டா, ஒண்ணு கோல். வெளில நின்ன பசங்க "அக்காவ மாத்துங்க"ன்னு கத்தறாங்க. நான் சித்தெ நேரம் அவ கால மட்டும் பார்த்துட்டே நின்னேன். பந்த தட்டறது, நிறுத்தறது, திருப்பறது எல்லாமே வலது காலு, எடது காலு சும்மா ஊனறதுக்குத்தான் வெச்சிருக்கா. மூணாவது தடவ வந்தப்ப நான் பந்துக்கு பாயவே இல்ல, ஒடம்ப அரவாசி திருப்பி அவ வலது பக்கத்த அடச்சுட்டு, எடது பக்கத்த வாசலாட்டம் தொறந்து விட்டுட்டு, அவ ஒரு அடி வெச்சா நான் ஒரு அடி பின்னால, இன்னொரு அடி, இன்னொரு அடி, அப்படியே கூட்டிட்டு போனேன். வேற வழியில்லாம எடது கால்ல அடிச்சா. பந்து நேரா வேப்பமரத்துக்கு போச்சு. அதுக்கப்பறம் மேட்ச் முடியற வரைக்கும் அந்தப் பக்கமே அவ வரல. முடிஞ்சதும் பக்கத்துல வந்து உக்காந்து "அக்கா அது எப்படிக்கா பண்ணுனீங்க, சொல்லித்தாங்க"ன்னு கேட்டா. 19 வயசுல எனக்கும் இது தெரியாதுங்க, பந்த கண்டா பாயறதுதான். இப்ப சொல்லுங்க, எங்கள கிரவுண்டுக்குள்ளயே விடலைன்னா அந்தப் புள்ள இத யாருகிட்ட கத்துக்கும்? யூடியூப்லயா?

நீங்க சொல்ற நியாயமும் எனக்கு தெரியாம இல்ல. வயசு வரம்பு இல்லைன்னா போலீஸ் டீமு, வெளியூரு பெரிய டீமுன்னு வந்து கப்ப தூக்கிட்டு போயிரும், பள்ளிக்கூடத்து புள்ளைங்க மொதோ ரவுண்டுலயே அழுதுட்டு போகும்னு ஒரு கமிட்டி அண்ணன் போன்ல சொன்னாரு. சரிதான். அப்ப அண்டர் 21 ஒரு பக்கம் நடக்கட்டும், ஓபன்னு நாலே நாலு டீம வெச்சு தனியா ஒண்ணு நடத்துங்க. இல்லைன்னா ஒரு டீமுக்கு மூணு பெரியவங்க இருக்கலாம்னு போடுங்க. ஒலிம்பிக்ல ஆம்பளைங்க புட்பாலே அண்டர் 23தானுங்க, அதுலயும் வயசு மீறுனவங்க மூணு பேர சேத்துக்கலாம். அதே ஒலிம்பிக்ல பொம்பளைங்களுக்கு வயசு வரம்பே கெடையாது. உங்க நோட்டீஸ அச்சடிச்சவரு அத தலைகீழா போட்டுட்டாருன்னுதான் எனக்கு சந்தேகம்.

ஏதோ அமெரிக்காக்காரி கதைன்னு தள்ளிவிட்டுராதீங்க. அங்கயும் எல்லாம் தட்டுல வெச்சு குடுத்தரல. பெக்கி ஆடிட்டிருந்த லீக்கே 2012ல மூடிட்டாங்க, அப்பறம் ஆடுன கன்சாஸ் சிட்டி டீமையும் 2017 சீசனோட கலைச்சுட்டாங்க, நம்மூர்ல ஆர்டர் இல்லைன்னா யூனிட்ட மூடுற மாதிரியே. ஆம்பளைங்களுக்கு சமமா சம்பளம் வேணும்னு 2016ல புகார் குடுத்த அஞ்சு பேர்ல அவங்க ஒருத்தர், அது ஒப்பந்தமா கைக்கு வந்தது 2022ல. நாங்க சம்பளமே கேக்கலீங்க, என்ட்ரி பீஸ வாங்கிக்கோங்கன்னுதான் கெஞ்சறோம்.

நம்ம நாட்டுலயே பாருங்க, 2018-19க்கு இந்தியாவோட சிறந்த வீராங்கனைன்னு ஃபெடரேஷன் அவார்டு குடுத்தது மணிப்பூர் ஆஷாலதா தேவிக்கு, அவங்களும் டிஃபென்டர்தான். தமிழ்நாட்டுப் பொண்ணுங்க சீனியர் நேஷனல்ஸ ரெண்டு தடவ, 2017-18லயும் 2022-23லயும், ஜெயிச்சிருக்காங்க. மதுரை சேது டீம் 2018-19ல இந்தியன் விமன்ஸ் லீக்கையே அடிச்சுட்டு வந்துச்சு. கடலூர் பக்கத்துல இருந்தெல்லாம் இந்தியா டீமுக்கு போறாங்க. நம்ம பக்கம் பள்ளிக்கூடத்துல குடியரசு தின போட்டி வரைக்கும் ஆடுன புள்ளைங்கள எண்ணுனா கிரவுண்டு பத்தாது, பிளஸ் டூ முடிஞ்சதும் எங்க போச்சுன்னே தெரியறதில்ல. எனக்கு தெரியுமுங்க, பாதி பேரு எங்க கம்பெனிலதான் இருக்குது. எங்க லெஃப்ட் பேக் பவர் டேபிள்ல, அதான் தையல் மிஷின்ல, உக்காந்திருந்த பொண்ணு, நடக்கறத பார்த்துட்டு நீ புட்பால் ஆடுனவதானேன்னு கேட்டேன், கண்ணு கலங்கிட்டா. ரெண்டாவது கொழந்தைக்கு ஒண்ணரை வயசு, அமுச்சி கிட்ட விட்டுட்டு வருவா.

இன்னொன்னு, சொல்லாம விட்டா எனக்கு தூக்கம் வராது. வயசு வரம்பு போடாத காலத்துல ஒரு தடவ உங்கள்ல ஒருத்தரு நடத்துன டோர்னமென்ட்ல நாங்க ரன்னர். நாலு மேட்ச், வாங்குனது ஒரு கோல். மேடைல பெஸ்ட் ஃபார்வேர்டுன்னாங்க, பெஸ்ட் கோலின்னாங்க, முடிஞ்சுது. ஆம்பளைங்களுக்கு பெஸ்ட் டிஃபென்டர் கப்பு தனியா இருந்துச்சு, என்ற கண்ணு முன்னாலதான் குடுத்தாங்க. எங்களுக்கு ஆளுக்கொரு டிபன் பாக்ஸ். அந்த டிபன் பாக்ஸ்லதான் இன்னமும் கம்பெனிக்கு சோறு கொண்டுட்டு போறேன், நல்ல கனமான எவர்சில்வர், குத்தம் சொல்ல முடியாது. இருந்தாலும் ஒரு கப்பு என்னங்க வெல, 300 ரூவா இருக்குமா? காசில்லைன்னா சொல்லுங்க, நானே வாங்கித் தர்றேன், எனக்கு வேண்டாம், யாரு நல்லா ஆடறாங்களோ அவளுக்கு குடுங்க. அப்பறம் பொம்பளைங்க மேட்ச மட்டும் ஆம்பளைங்க சாப்புடப் போற பன்னெண்டரை மணி வெயில்ல பத்து பத்து நிமிசம்னு சொருகறத நிறுத்துங்க.

வர்ற மாரியம்மன் நோம்பிக்கு நோட்டீஸ் அடிக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்த கூப்புடுங்க. எங்க ஒம்பது பேரு ஆதார் ஜெராக்ஸும் லேமினேஷன் போட்டு ரெடியா இருக்குது. ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்கு கிரவுண்டுலதான் இருப்போம், ஷிப்மென்ட் இருந்தா மட்டும் ஏழாகும்.