அடைவுத் துண்டு யார் கையில்?

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் வசந்தி,

வலக்கண்ணில் புரை எடுத்து ஆறு கிழமை ஆகிறது. இனி வாசிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றே உன் கதையைத்தான் கையில் எடுத்தேன். இருபத்திரண்டு பக்கங்களையும் ஒரே இருப்பில் வாசித்து முடித்து, மறுநாள் பென்சிலோடு மீண்டும் உட்கார்ந்தேன். ஒளிக்காமல் சொல் என்று கேட்டிருந்தாய். அப்படியே எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோரும் சுகம். மகள் தெஹிவளைக்கு வீடு மாறிவிட்டாள். பேரனைச் சனிக்கிழமைகளில்தான் காண முடிகிறது. கடற்காற்றுக்கு யன்னல் கம்பிகள் மறுபடியும் துருப்பிடித்துவிட்டன.

உன் சுந்தரம் தாயின் காப்பை எடுத்துக்கொண்டு போய்ச் செட்டியார் தெருக் கடையொன்றில் அடைவு வைத்துப் பணம் வாங்குகிறான். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்காமல் இருக்க, முதலில் வானொலியைக் கூட்டி வைக்கிறான். அந்த ஒரு செயலிலேயே அவன் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாம் பக்கம் வரை கதை என்னைப் பிடித்து வைத்திருந்தது. அதன் பிறகு அவனுக்கு வேலை போகிறது. வெள்ளம் வருகிறது. தங்கைக்குக் காய்ச்சல். கடைசியில் தாய் இறந்துபோகிறாள். எல்லாமே துயரம்தான், வசந்தி, ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. தங்கையின் காய்ச்சல் வரும் பக்கத்தைக் கையால் மறைத்துவிட்டு வாசித்துப் பார்த்தேன். கதை அசையவில்லை. வெள்ளத்தை மறைத்தேன். அப்போதும் அசையவில்லை. காப்பை மறைத்தால் மட்டும் கதையே இல்லை. நீயும் இப்படி ஒவ்வொரு நிகழ்ச்சியையும் மறைத்துப் பார். எது போனால் அடுத்தது விழுந்துவிடுகிறதோ, அதை மட்டும் வைத்துக்கொள்.

அப்படியானால் மிச்சப் பக்கங்களை எதனால் நிரப்புவது என்று கேட்பாய். பல்கலைக்கழகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சங்கக் காதற் பாட்டுகளான அகத்திணை படித்தோமே, அதில் தலைவியின் காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்தும் அறத்தொடு நிற்றலை நினைத்துப் பார். தலைவியின் களவு, அந்த இரகசியக் காதல், தோழிக்குத் தெரியும். தோழி வளர்த்த தாயான செவிலிக்குச் சொல்வாள், செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். பரீட்சைக்காக இந்த வரிசையை மனப்பாடம் செய்தோம். கதை பின்னுவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது என்று இப்போது நினைக்கிறேன். இரகசியம் ஒன்றுதான். அது கைமாறும் ஒவ்வொரு தடவையும் சொல்பவளுக்கு ஓர் ஆபத்து, கேட்பவளுக்கு ஒரு பொறுப்பு. தோழி சும்மா இருக்கும்போது சொல்லிவிடுவதும் இல்லை. மகள் மெலிவதைக் கண்ட தாய் முருகன் தீண்டினான் என்று நம்பி, அவனுக்குப் பலி கொடுத்து ஆடும் வெறியாட்டுக்கு ஏற்பாடு செய்கிறாள். பூசாரியான வேலன் வந்துவிட்டான், ஆட்டு மறியை அறுக்கப்போகிறார்கள். இனியும் பேசாதிருந்தால் பிழையான ஒன்று நடந்துவிடும் என்ற நேரத்தில்தான் அவள் வாய் திறக்கிறாள்.

உன் கதையில் அந்த வெறியாட்டு இல்லை. சுந்தரத்தின் இரகசியத்துக்கு எந்த நெருக்கடியும் வரவில்லை. அவன் கடைசிவரை அதைச் சுமந்துகொண்டு திரிகிறான், அவ்வளவுதான். காப்பைக் காணவில்லை என்றதும் தாய், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைச் சந்தேகித்தால் என்ன ஆகும்? தங்கையோ அதற்கு முன்பே உடுப்புத் தோய்க்கும்போது அண்ணனின் சட்டைப் பையில் அடைவுத் துண்டைக் கண்டுவிட்டாள். பேசினால் அண்ணன் அகப்படுவான், பேசாவிட்டால் குற்றமற்ற ஒருத்தியின் பிழைப்புப் போகும். காய்ச்சலில் சும்மா படுத்திருந்த பிள்ளை இப்போது கதையின் நடுவே வந்து நிற்கிறாள். நீ புதிதாக ஓர் ஆளையும் கொண்டுவரத் தேவையில்லை. வேலைக்கு வரும் பெண் உன் மூன்றாம் பக்கத்தில் முற்றம் கூட்டிக்கொண்டிருக்கிறாள்!

எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் கட்டம் போடு. குறுக்கே ஆட்களின் பெயர், நெடுக்கே காட்சிகள். ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் யாருக்கு என்ன தெரியும் என்று குறி. ஒரு காட்சி முடிந்தும் ஒருவருடைய கட்டமும் மாறவில்லையென்றால், அந்தக் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவை. அந்தக் கட்டத்தில் வாசகருக்கும் ஒரு வரிசை வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தினமும் பஸ் நிறுத்தத்தில் மகனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றி முன்பு ஒரு கதை எழுதினேன். மகன் இறந்துவிட்டான் என்பதைக் கடைசி வரியில்தான் வெளியிட்டேன். வாசித்த தோழி ஒருத்தி, "இரண்டாம் தரம் வாசிக்க இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. ஆட்களிடமிருந்து ஒளிக்கலாம். வாசகரிடமிருந்து ஒளித்தால் கடைசியில் ஒரு கணத் திடுக்கிடல் மட்டும்தான் கிடைக்கும். தங்கைக்குத் தெரியும் என்பது நமக்குத் தெரிந்திருந்தால், அவள் தாய்க்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பதைக்கூடப் பதற்றத்தோடு பார்ப்போம்.

தவணையையும் நீ பயன்படுத்தவில்லை. அடைவு என்றால் மீட்க ஒரு நாள் குறித்திருக்கும். அதைக் கதையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடு. கடைக்குப் பதிலாக ஒரு வங்கியின் அடைவுப் பிரிவில் வைத்தான் என்று மாற்றினால் இன்னும் நல்லது. தவணைக்கு முந்திய நாள் முழுநிலாப் போயா, வங்கி பூட்டு. எப்படியோ பணத்தைச் சேர்த்துக்கொண்டு போகிறவன் பூட்டிய கதவின் முன் நிற்பான். நம் ஊரில் மாதந்தோறும் வரும் விடுமுறை ஆகையால், வலிந்து புகுத்தியதாக யாருக்கும் தோன்றாது.

ஒரு சிறிய திருத்தம். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போகும்போது அவன் வலப்பக்க யன்னலால் கடலைப் பார்க்கிறான் என்று எழுதியிருக்கிறாய். கோட்டைக்குப் போகும்போது கடல் இடப்பக்கம். வீடு திரும்பும்போதுதான் வலப்பக்கம் வரும். நீ மட்டக்களப்புக்குப் போய் இத்தனை வருடம் ஆகிவிட்டதால் மறந்திருப்பாய். ஆனால் இந்த வழியில் தினமும் போய்வருகிற ஒருவர் அந்த வரியோடு உன்னை நம்புவதை நிறுத்திவிடுவார். போகும்போது மடியில் காப்பு, திரும்பும்போது துண்டு. இரண்டு தரமும் அதே கடலை அவன் எந்தப் பக்கம் இருந்து பார்க்கிறான், அல்லது பார்க்காமல் விடுகிறான் என்று யோசித்துப் பார்.

உரையாடல்களில் கைவைக்காதே. உனக்கு அது இயல்பாகவே வரும்.

இன்னும் ஒன்று என்னைத் தூங்க விடாமல் இருக்கிறது. அன்று வானொலிச் சத்தம் திடீரென்று கூடியபோது தாய் அடுத்த அறையில் இருந்தாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். கட்டத்தில் அவளுடைய இடத்தில் என்ன குறிப்பது? அவளுக்குத் தெரியுமா, வசந்தி? திருத்தி எழுதுவதற்கு முன் அதற்கு மட்டும் பதில் போடு.

அன்புடன்,
மாலதி