ரயில்வே கேட் மூடியிருக்கும்போது

திருவொற்றியூர்

அன்புள்ள மச்சானுக்கு,

நேற்று போனில், நீ தொடங்கியிருக்கும் பௌத்த மூச்சுத் தியானம் பற்றிப் பேசியதில் பாதியைக் கண்டெய்னர் லாரி ஆரன் விழுங்கிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. வஞ்சிரம் விலையைக் கேட்டால் கருவாடே போதும் என்று தோன்றும். நீ மதம் மாறப் போகிறாயா என்று அம்மா கேட்டார்களாமே! மூச்சைக் கவனிக்க யாரும் மதம் மாற வேண்டாம் என்று சொல். பௌத்தம் ஒன்றும் இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898-லேயே சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிவிட்டார்.

"இந்தச் சத்தத்தில் எங்கேடா தியானம்?" என்றாய். காடு, மரத்தடி, ஆளில்லாத வீடு என்று மூன்று இடத்தைத்தான் ஆனாபானசதி, அதாவது மூச்சைக் கவனிப்பது பற்றிய புத்தரின் உரை சொல்கிறது. நீ இருக்கும் கொருக்குப்பேட்டையில் மூன்றுக்கும் வழியில்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் இருக்கிறதே, காலை ஐந்தரைக்கு அது போதும். கொசுவுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்.

பாயில் சப்பென்று உட்காராதே. போர்வையை மடித்து மூன்று நான்கு அங்குல உயரத்துக்கு இடுப்பின் கீழே வை. முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்து தரையில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் முதுகு வளைந்துவிடும், பத்து நிமிஷத்தில் இடுப்பு வலிக்கும். கால் மரத்துப்போனால் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். மெதுவாக நீட்டிவிடு, மரத்த காலோடு சட்டென்று எழாதே. முட்டிவலி இருந்தால் பிளாஸ்டிக் நாற்காலியே போதும், சாயாமல் உட்கார், பாதம் தரையில் இருக்கட்டும்.

மூச்சு மூக்கு நுனியில், மேலுதட்டுக்குச் சற்று மேலே உரசுகிற இடத்தைக் கவனி. உள்ளே போய் வெளியே வந்தால் ஒன்று. எண்ணிக்கைக்கு விசுத்திமக்கம் என்ற பழைய பௌத்த நூல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எழுதிய புத்தகோசர் ஐந்தாம் நூற்றாண்டுக்காரர், நம் காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர். ஐந்துக்குக் குறைவாக எண்ணாதே, பத்தைத் தாண்டாதே என்கிறார். ஐந்துக்குள் நிறுத்தினால் நெருக்கமான தொழுவத்தில் அடைத்த மாடுகள் மாதிரி மனசு முட்டிமோதும். பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். முதலில் ஒன்று முதல் ஐந்து, அடுத்த சுற்று ஆறு வரை, இப்படியே பத்து வரை ஏறி மறுபடி ஐந்துக்கு வா. எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து தொடங்கு, அவ்வளவுதான். 'சே, மறுபடியும் போச்சே' என்று திட்டிக்கொள்கிறாயே, அந்தத் திட்டும் இன்னொரு நினைப்புதான். மனசு இருபது தடவை ஓடி இருபது தடவை திரும்பி வந்தால், நீ இருபது தடவை பயிற்சி செய்திருக்கிறாய்.

நெஞ்சு இறுக்கம், தலைபாரம் என்று சொன்னாய். எனக்குத் தெரிந்து இதற்கு முக்கியக் காரணம், மூச்சைக் கவனிக்கிறோம் என்று நினைத்து மூச்சை நாமே இழுப்பது. பஸ் ஓட்டுபவன் ஓட்டட்டும், நீ டிக்கெட் வாங்கின ஆள். எண்ணுவதை விட்டுவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஐந்து நிமிஷம் கவனி, தானே தளரும். இறுக்கம் உட்காராதபோதும் வந்தால் அது தியான விஷயமில்லை, டாக்டரைப் பார். பிரஷர் மாத்திரையை எக்காரணத்துக்கும் நிறுத்தாதே.

உட்காரும்போது வரும் தூக்கத்துக்கு, தன் சீடர் மொக்கல்லானருக்குப் புத்தர் சொன்ன வைத்தியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். காதுமடலை இழுத்துவிடு, கை காலைத் தேய், எழுந்து கண்ணைத் தண்ணீரால் கழுவி நட்சத்திரத்தைப் பார், நட. அப்படியும் போகாவிட்டால் வலப்பக்கமாகப் படுத்துக்கொள் என்கிறார்! நீ சாப்பிட்டவுடனே உட்காராமல் இருந்தாலே பாதித் தூக்கம் போய்விடும்.

சத்தத்துக்கு மஹாசி சயாதோ என்ற பிக்குவின் வழி உதவும். சத்தம் வந்ததும் மனசுக்குள் 'கேட்கிறது, கேட்கிறது' என்று மட்டும் குறித்துவிட்டு வயிற்றுக்குத் திரும்பு. 'லாரி' என்றாலே 'எவன்டா அவன்' வந்துவிடும், அதனால் பெயர் வைக்காதே. அவர் பர்மாக்காரர். விபாசனா தியான முகாம் நடத்திய கோயங்காவும் மண்டலேயில் பிறந்தவர். பர்மாவிலிருந்து நம்ம வியாசர்பாடிக்கு வந்தது அத்தோ நூடுல்ஸ் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் பத்து நாள் முகாமுக்கு இப்போதே பெயர் கொடுக்காதே. தினம் இருபது நிமிஷம் இரண்டு மாதம் விடாமல் உட்கார்ந்து பார்த்த பிறகு யோசிக்கலாம்.

மிச்சம், கேட் மூடினால் கோபம் வருகிறது என்றாயே, அந்த ரயில்வே கேட். ஒருவனுக்கு அம்பு பட்டால் வலி. அதற்காக அவன் புலம்புவது இரண்டாவது அம்பு என்று புத்தர் சொன்ன உவமை உண்டு. கேட் மூடினது, ஹெல்மெட்டுக்குள் வியர்வை, கூட்ஸ் வண்டி நீள்வது, இதெல்லாம் முதல் அம்பு. உன் கையில் இல்லை. 'எனக்குன்னு வந்து மாட்டுது பார்' என்பது இரண்டாவது. வண்டியை ஆஃப் பண்ணு. ரெண்டு காலையும் தரையில் ஊன்று. கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாய் என்று பார், பல்லைக் கடித்திருந்தால் விடு. கண் திறந்தபடியே பத்து மூச்சு எண்ணு. கோபம் போகாமலும் இருக்கலாம். 'கோபம் இருக்கிறது' என்று தெரிந்தாலே போதும், பின்னால் ஆரன் அடிப்பவனைத் திரும்பி முறைக்காமல் இருக்க அவ்வளவு இடைவெளி கிடைத்துவிடும்.

இந்த வாரம் எத்தனையாவது எண்ணில் அதிகம் தவறுகிறது என்று பார்த்து எழுது. மூன்று நான்கிலேயே போனால் எண்ணும் வேகத்தை மாற்ற வேண்டியிருக்கும். ஞாயிறு சாயங்காலம் வியாசர்பாடி பக்கம் வந்தால் சொல், அத்தோ என் செலவு.

உன்,
பழைய பெஞ்சு நண்பன்