பேட்டரியைக் கழற்றி வை, கயல்

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ அனுப்பிய படத்தை நேற்று இரவு பத்துத் தடவையாவது பெரிதாக்கிப் பார்த்தேன். கராஜில் நீயே அறுத்து, நீயே பூட்டிய புத்தக அலமாரி. பக்கப் பலகை இரண்டும் மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டாத அளவுக்கு நேராக நிற்கின்றன. உன் அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டு வந்தாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் என் கண் அலமாரியில் நிற்கவில்லை, கயல். மேசை ஓரத்தில் வட்ட ரம்பம் கிடக்கிறது; பேட்டரி அதிலேயே மாட்டியிருக்கிறது. கீழே மரத்தூள் குவியலின் நடுவில் சார்ஜர், அதன்மேல் இன்னொரு பேட்டரி. போனில் சொன்னால் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன்.

என் இடது தொடையில் உள்ள தழும்பு உனக்குத் தெரியும். நீ கல்லூரி விடுதியில் இருந்தபோது ஏற்பட்டது. உளி வழுக்கிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். பேட்டரி ரம்பம் வாங்கிய புதிது. பிளேடை மூடும் கீழ் உறை மரத்தில் தட்டிக்கொண்டே இருக்கிறதென்று ஒரு சிறிய ஆப்பைச் செருகி, அதைத் திறந்தபடியே நிறுத்தி வைத்திருந்தேன். ஒரு கையில் பலகை, மறு கையில் ரம்பம் என்று பட்டறையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனேன். பலகை நழுவியது. அதைப் பிடிக்கப் போன பதற்றத்தில் இந்தக் கை கைப்பிடியை இறுக்கிவிட்டது. கட்டைவிரல் பூட்டுப் பொத்தானை அழுத்த, மற்ற விரல்கள் விசையை அழுத்த, ரம்பம் ஓடிவிட்டது. ஏழு தையல். ஒயர் உள்ள ரம்பமாக இருந்திருந்தால் பிளக்கைப் பிடுங்காமல் இடம் மாற்றியிருக்கவே மாட்டேன். முப்பது வருடப் பழக்கம் அது. ஒயர் கண்ணில் படாததால் அது அணைந்து கிடக்கிறது என்று மனது நம்பிவிட்டது. பேட்டரி உள்ளே இருக்கும்வரை அது பிளக்கில் இருக்கிற ரம்பம்தான். பிளேடு மாற்றும்போது, ஆழம் திருத்தும்போது, சிக்கிய சிராயை எடுக்கும்போது, ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் போகும்போதுகூட முதலில் பேட்டரியைக் கழற்று.

உன் பிளேடு 165 மில்லிமீட்டர் என்றாய். நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றினால் அதன் பல் மணிக்குச் சுமார் 155 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. விசையை விட்டதும் நின்றுவிட்டது என்று எண்ணாதே. கீழ் உறை தானாக வந்து மூடியதைப் பார்த்த பிறகே கீழே வை.

ரம்பம் எகிறுவதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பலகையின் இரண்டு முனையையும் இரண்டு ஸ்டூலில் வைத்து நடுவில் அறுக்கிறாய் என்று வைத்துக்கொள். பாதிக்கு மேல் போனதும் பலகை நடுவில் தொய்யும், அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கடிக்கும். அந்த நொடியில் ரம்பம் மரத்தை விட்டு எழும்பி உன் பக்கமாகவே பாயும். அதனால் அறுத்து விழ வேண்டிய துண்டு தாங்கல் இல்லாமல் வெளியே தொங்கட்டும், மற்ற பகுதி கிளாம்பில் இறுக்கமாக இருக்கட்டும். பிளைவுட் தாள் பெரிதென்றால் தரையில் தெர்மாகோல் பலகையை விரித்து, அதன்மேல் முழுத் தாளையும் கிடத்தி அறு. பிளேடு மரத்துக்குக் கீழே ஒரு பல் அளவு தெரிந்தால் போதும். நீ நிற்பது பிளேடுக்கு நேர் பின்னால் இருக்கக் கூடாது, ஓரடி பக்கவாட்டில் நில். முழு வேகம் வந்த பிறகே மரத்தைத் தொட வேண்டும். கோணிக்கொண்டது தெரிந்தால் விசையை விட்டு, நின்ற பிறகு எடு. ஓடும்போது பின்னால் இழுக்காதே. பல் கீழிருந்து மேல்நோக்கி அறுப்பதால் சிராய் மேல்பக்கத்தில்தான் கிளம்பும். அலமாரியின் நல்ல முகத்தைக் கவிழ்த்துப் போடு. உன் மூன்றாவது தட்டின் விளிம்பைப் பார்த்ததும் நீ அதை நிமிர்த்திப் போட்டு அறுத்தது தெரிந்துவிட்டது.

கண்ணாடியும் காதடைப்பும் போடுகிறாய், சந்தோஷம். முகக்கவசத்தையும் சேர்த்துக்கொள். மரத்தூள் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. நாங்கள் அது தெரியாமல் காலமெல்லாம் சுவாசித்தோம்.

இனி பேட்டரி. எங்கள் ஊர் சர்வீஸ் கடைத் தம்பி ஒரு பழைய பேட்டரியைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பத்து செல்கள், ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், ஐந்து ஐந்தாகக் கோத்தவை. ஐந்து செல்லுக்கு, தலா 3.6 வோல்ட் என்று கணக்கிட்டு இங்கே 18 வோல்ட் என்று எழுதுகிறார்கள். சார்ஜ் நிறைந்திருக்கும்போது உள்ள அளவை வைத்து அங்கே கனடாவில் 20 வோல்ட் என்று அச்சடிக்கிறார்கள். உன்னுடையது என்னுடையதைவிடப் பெரியது இல்லை, கண்ணு.

எட்மண்டன் குளிரில் கராஜில் வைத்த வாளித் தண்ணீர் உறைந்துவிட்டது என்று நீதான் சொன்னாய். பூச்சியத்துக்குக் கீழே உறைந்த பேட்டரியில் சார்ஜ் ஏற்றவே கூடாது. பேட்டரியில் இருக்கும் லித்தியம் மின்முனைக்குள் போய் அடங்காமல் அதன்மேல் உலோகமாகப் படியும். அது சேர்ந்துகொண்டே போனால் ஒருநாள் உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். நல்ல சார்ஜர்கள் விளக்கைச் சிமிட்டி மறுத்துவிடும். ஆனால் அதை நம்பி இராதே. இரவு பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடு. அறைச் சூட்டுக்குத் தானாக வரட்டும், ஹீட்டர்மேல் வைக்காதே. அறுத்து முடித்த சூட்டோடும் ஏற்றாதே. தொட்டால் கை சுடாத அளவுக்கு ஆறட்டும். சார்ஜரைச் சிமெண்டுத் தரையிலோ டைல்ஸ்மேலோ வை, சுற்றி மரத்தூள், துணி எதுவும் வேண்டாம், நீ விழித்திருக்கும் நேரமாக இருக்கட்டும். முழுதாக வற்றிய பிறகுதான் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு, இதற்குப் பொருந்தாது. கோடையில் பல மாதம் தொடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜோடு குளிர்ந்த இடத்தில் வை. ஆணி டப்பாவுக்குள் போடாதே, இரண்டு முனையையும் ஓர் ஆணி தொட்டால் போதும், ஷார்ட் ஆகிவிடும். கீழே விழுந்து விரிசல் விட்டதையும் உப்பியதையும் மறுபடி மாட்டவே வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரி திரும்பப் பெறும் இடத்தில் கொடு. குப்பையில் போடாதே. இதை மாப்பிள்ளையிடமும் சொல்லிவை.

பொங்கலுக்கு வரும்போது எடுத்துவருவதானால், பேட்டரியைக் கைப்பையில் வை, பெட்டியில் போட விடமாட்டார்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி என்றால் 90 வாட் மணி. விமானத்தில் 100 வரை அனுமதி. சார்ஜரை அங்கேயே விட்டுவிடு. அது 120 வோல்ட்டுக்கானது, நம் வீட்டு 230-ல் செருகினால் போயிற்று.

இந்தக் கடிதம் கிடைத்ததும் மரத்தூளைப் பெருக்கிவிட்டு, மேசையை மறுபடி ஒரு படம் எடுத்து அனுப்பு. பேட்டரி ரம்பத்துக்கு வெளியே தனியாக இருப்பது தெரியும்படி எடு.

அன்புடன்,
அப்பா