வாத்துப் படம் வைரஸ் இல்லை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

சர்வீஸுக்கு வந்த கணினிகளில் போன மாதம் நாங்கள் செய்த ஒரு மாற்றத்தைப் பற்றி நிறைய பேர் போன் செய்து கேட்டுவிட்டீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். "எதைத் தேடினாலும் ஒரு வாத்து வந்து நிக்குது தம்பி, வைரஸ் ஏறிடுச்சா?" என்றார். வைரஸ் இல்லை. விண்டோஸ் புதிதாகப் போட்டுக் கொடுத்த கணினிகளில் பயர்பாக்ஸ் பிரவுசரை ஏற்றி, அதிலிருந்த தேடுபொறியை கூகுளிலிருந்து டக்டக்கோவுக்கு மாற்றியிருந்தோம். வாத்து அந்தக் கம்பெனியின் சின்னம். மாற்றியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறோம். ஆனால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தது எங்கள் தப்பு. மன்னிக்கவும்.

கடைக்கு வருகிறவர்களில் பலருக்கு பிரவுசரும் கூகுளும் ஒன்றுதான். பிரவுசர் என்பது வண்டி. தேடுபொறி என்பது தெருமுனையில் வழி சொல்கிற ஆள். வண்டிக்குக் கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டு யாரும் பார்க்காமல் போனாலும், நிறுத்தி வழி கேட்ட நொடியில் எங்கே போகிறீர்கள் என்பது அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும். அதனால் 'அந்தரங்கத்தைக் காப்போம்' என்று சொல்லும் பிரவுசர் எதுவானாலும், அதில் யாரை வழி கேட்கும்படி முதலிலேயே அமைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, தேடல் பரிந்துரை இயங்கிக்கொண்டிருந்தால் மேலே உள்ள கட்டத்தில் நீங்கள் தட்டும் எழுத்துகள் அப்போதைக்கப்போதே தேடுபொறிக்குப் போகும். 'சர்க்கரை' என்று தொடங்கி 'நோய்' என்று முடிப்பதற்குள், எண்டர் தட்டாமலே பாதி சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த முதல் இடத்துக்குக் காசு உண்டு. கொஞ்சநஞ்சம் இல்லை. பிரவுசர்களிலும் போன்களிலும் தன்னை முதல் தேடுபொறியாக வைத்திருக்க, 2021இல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. இது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் வெளியே வந்த கணக்கு. பெரும்பங்கு ஆப்பிளுக்கு. ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி வழியாக வரும் தேடல் விளம்பர வருமானத்தில் 36 சதவீதம் ஆப்பிளுக்குப் போகிறது என்பதை 2023 நவம்பரில் கூகுளின் தலைவர் நம் சுந்தர் பிச்சையே இன்னொரு வழக்கில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அரசு தொடுத்த வழக்கில் 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். ஓராண்டு கழித்து, 'என்னைத் தவிர யாரையும் வைக்காதே' என்கிற ஒப்பந்தங்களுக்குத் தடை போட்டார். காசு கொடுப்பதை மட்டும் தடுக்கவில்லை.

ஏன் தடுக்கவில்லை என்பதற்கு நாங்கள் ஏற்றிக் கொடுக்கும் பயர்பாக்ஸே ஒரு காரணம். அதை உருவாக்கும் மொசில்லாவின் நிதி அதிகாரி 2025 மே மாதம் மேத்தாவின் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்: பயர்பாக்ஸ் ஈட்டும் பணத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் கூகுள் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது, அது நின்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்கிற அர்த்தத்தில். பின்தொடரும் கண்காணிப்பு நிரல்களைத் தடுக்கிற பிரவுசர், விளம்பரத்தால் வாழ்கிற கம்பெனியின் பணத்தில் ஓடுகிறது. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். கூகுளை விட்டுப் பார்க்காமலும் இல்லை. 2014 இறுதியில் அமெரிக்காவில் யாகூவை முதல் தேடுபொறியாக்கினார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். 2017 நவம்பரிலேயே அதை முறித்துக்கொண்டு கூகுளிடம் திரும்பிவிட்டார்கள். இதனால் பயர்பாக்ஸ் மோசம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் கடையில் இன்றும் முதலில் ஏற்றுவது அதைத்தான். தேடுபொறியை மட்டும் நாமே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, டக்டக்கோ மட்டும் சொக்கத் தங்கமா? அதுவும் இல்லை. 2008இல் தொடங்கிய இந்தத் தேடுபொறி நீங்கள் தேடியதை உங்கள் பேரில் சேர்த்துவைப்பதில்லை. அப்போது தட்டிய சொல்லை மட்டும் பார்த்து விளம்பரம் காட்டும். ஆனால் அது தரும் இணைப்புகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்ட்டின் பிங் என்கிற தேடுபொறியிலிருந்து வாங்கியவை. 2024 மே 23 அன்று பிங் படுத்தபோது டக்டக்கோவும் கூடவே படுத்தது. அதற்கும் முன்னால் 2022இல் ஒரு சங்கடம். டக்டக்கோவின் சொந்த பிரவுசர் மற்ற கம்பெனிகளின் கண்காணிப்பு நிரல்களைத் தடுத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட்டினுடையதில் சிலவற்றை மட்டும் உள்ளே விட்டிருந்தது. காரணம், அந்தத் தேடல் ஒப்பந்தம். ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, அந்த ஆண்டு ஆகஸ்டில் சரிசெய்தார்கள். ஆளையே அடையாளம் தெரியாமல் மறைப்பதற்கென்று இருக்கிற டார் பிரவுசரில்கூட முதல் தேடுபொறி டக்டக்கோதான் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

பிரேவ் என்கிற இன்னொரு பிரவுசர் வேறு வழியில் போனது. மொசில்லாவிலிருந்து வெளியேறிய பிரெண்டன் ஐக் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. 2021இல் சொந்தத் தேடுபொறியே வைத்துவிட்டார்கள். அந்த அக்டோபரில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளின் புதுப் பயனர்களுக்கு கூகுளை எடுத்துவிட்டுத் தங்களுடையதை முதலில் வைத்தார்கள். இணையப் பக்கங்களைத் தாங்களே திரட்டி வைத்திருப்பதால் பிங் படுத்தால் இது படுக்காது. இங்கேயும் ஒரு கறை உண்டு. 2020இல் கிரிப்டோ என்கிற டிஜிட்டல் நாணயம் விற்கும் சில தளங்களின் முகவரியைத் தட்டினால், கமிஷன் கிடைக்கும்படியான குறியீட்டை பிரவுசர் தானாகவே பின்னால் ஒட்டியது. மாட்டிக்கொண்டதும் மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டார்கள். நாங்கள் பிரேவை ஏற்றும்போது கிரிப்டோ பொத்தான்களை மறைத்துவிட்டே கொடுக்கிறோம்.

உள்ளதைச் சொன்னால், தமிழில் தேடினால் டக்டக்கோ தடுமாறுகிறது. பக்கத்து ஊர் மெக்கானிக்கையோ, இன்று ராத்திரி திறந்திருக்கும் மருந்துக் கடையையோ கேட்டால் கூகுள்தான் உருப்படியாகச் சொல்கிறது. அதற்கு ஒரு சுருக்கு வழி: டக்டக்கோவில் ஆச்சரியக்குறி போட்டு, ஒட்டியே ஆங்கில எழுத்து ஜி-யைத் தட்டி, இடைவெளி விட்டுத் தேடுங்கள். அந்த ஒரு தேடல் மட்டும் கூகுளுக்குப் போகும். உடம்பு, கடன், வக்கீல் விஷயங்களை டக்டக்கோவிலேயே தேடலாம். அப்புறம், இன்காக்னிட்டோ என்கிற தனி ஜன்னலில் தேடினால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர்களுக்கு: உங்கள் கணினியில் பதிவு தங்காது, அவ்வளவுதான். வழி சொல்கிற ஆளுக்கு அப்போதும் காது கேட்கும்.

போன் வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒன்று உண்டு. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டதோடு, புது ஆண்ட்ராய்டு போனில் தேடுபொறியைப் பயனரே தேர்ந்தெடுக்க விட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அடுத்த ஜனவரியில் கூகுளும் அதற்கு ஒத்துக்கொண்டது. போனை முதன்முதலாகத் திறக்கும்போது அப்படி ஒரு திரை வந்தால், அவசரத்தில் மேலே இருப்பதைத் தட்டிவிடாமல் ஒரு நிமிஷம் பாருங்கள்.

இனி சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ஜாப் கார்டில் தேடுபொறி எது என்று ஒரு வரி இருக்கும். கூகுளே போதும் என்றால் அப்படியே விட்டுவிடுவோம், வாதாட மாட்டோம். இந்தக் கம்பெனிகள் எதிலிருந்தும் எங்களுக்குப் பைசா வருவதில்லை. ஏற்கெனவே மாற்றியதைத் திருப்பிக்கொள்ள விரும்புகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், இரண்டு நிமிஷ வேலை, கட்டணம் கிடையாது. வரும்போது சார்ஜரையும் எடுத்து வாருங்கள். அந்த ஆசிரியர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததில், வாத்தைக் காட்டுவதற்குள் லேப்டாப் அணைந்துவிட்டது.