லிமெரிக்கில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ இந்த மாதம் கொஞ்சம் பரவாயில்லை. போனவாரம் கதைக்கும்போது நீ கேட்டது போனில் சொல்லி முடிக்கக் கூடிய விஷயமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக வரும், பொறுமையாக வாசி.

லிமெரிக் பக்கத்துப் பாலிங்ரேன் ஊரில் இருக்கும் மெதடிஸ்த ஆலயத்துக்குப் போய்விட்டு வந்து இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, கூட வந்த சிநேகிதி மெதடிஸ்தம் அமெரிக்காவிலிருந்து வந்த சபையா என்று கேட்டது. மற்றது உன்னுடைய கேள்வி: சுற்றிவரக் கத்தோலிக்கர், உள்ளே இருப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம், பிறகு எதற்கு இன்னும் திறந்து வைத்திருக்கிறார்கள்?

சிநேகிதிக்கு மறுமொழி சுலபம். அமெரிக்காவிலிருந்து அது அங்கே வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் நின்ற அந்த மண்ணிலிருந்துதான் அமெரிக்காவுக்கே போனது. அமெரிக்காவின் மேரிலாந்துக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தங்கள் பக்கம் பிரசங்கித்த ரொபர்ட் ஸ்ட்ரோபிரிட்ஜ்தான் முந்தியவர் என்பார்கள். அவரும் லீட்ரிம் பக்கத்து ஐரிஷ்காரர்தான், ஆகவே எப்படிப் பார்த்தாலும் கணக்கு அயர்லாந்துக்கே வருகிறது.

உன்னுடைய கேள்விக்குக் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

பாலிங்ரேனில் அந்த ஆலயத்தைக் கட்டியவர்கள் ஐரிஷ்காரரும் இல்லை, ஆங்கிலேயரும் இல்லை. ஜெர்மானியர். ரைன் நதிக்கரையில் பாலட்டினேட் என்று ஒரு பகுதி. பிரெஞ்சுப் படைகள் திரும்பத் திரும்ப எரித்த இடம். அதற்கு மேல் 1709இன் தொடக்கத்தில் ஐரோப்பாவே உறைந்துபோன ஒரு குளிர், திராட்சைக் கொடியெல்லாம் பட்டுப்போயின. அந்த ஆண்டு 13,000 பேரளவில் லண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். நகருக்கு வெளியே கூடாரம் அடித்து வைத்திருந்தார்கள். அகதி முகாம் என்று நான் சொன்னால் உனக்குப் படம் பிடிபடும். அதில் 3,000 பேருக்குக் கொஞ்சம் மேலே அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் ஒத்துவராமல் திரும்பிப் போய்விட்டார்கள். நின்றவர்களில் பெரும் பகுதி ராத்கீல் பக்கத்தில் சர் தோமஸ் சவுத்வெல் என்ற நிலக்கிழாரின் காணிகளில் தங்கியது. கோர்ட் மேட்ரிக்ஸ், கில்லிஹீன், பாலிங்ரேன் ஆகிய மூன்று ஊரும் அப்படி வந்தவை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரக்கம் மட்டும் இருந்து அவர்களைக் கூட்டிவரவில்லை. கத்தோலிக்கர் நிறைந்த இடத்தில் புரட்டஸ்தாந்தக் குடும்பங்களை நட்டு வைத்தால் ஆட்சிக்கு வசதி என்ற கணக்கும் இருந்தது. வாடகையில் சலுகை, அரசாங்க உதவிப் பணம் எல்லாம் அதனால்தான். பக்கத்து ஐரிஷ் குடியானவனுக்கு அது கிடைக்கவில்லை. அரசு பார்த்துச் செய்யும் குடியேற்றம் என்றால் என்ன என்று நம் ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வந்த சனங்களும் பாவம், இருந்த சனங்களும் பாவம்.

வந்தவர்களுக்கு ஜெர்மன் தெரிந்த போதகர் கிடைக்கவில்லை. ஒரு தலைமுறைக்கு மேல் அப்படியே போனது. 1750களில் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அந்தப் பக்கம் வந்தபோது, குடிக்கும் வசைக்கும் பேர்போன கூட்டமாக அவர்கள் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். ஊரின் பள்ளி ஆசிரியர் பிலிப் கையர் முதலில் மாறினார், உள்ளூர்ப் பிரசங்கியும் ஆனார். பாலிங்ரேனிலிருந்து பிசாசைத் துரத்தியவர் இவர்தான் என்று கத்தோலிக்க வண்டிக்காரர்களே அவரைக் காட்டிச் சொல்வார்களாம். செவிவழிக் கதைதான், ஆனால் சொன்னவர்கள் யார் என்று பார், எனக்கு அதில்தான் விருப்பம். சில ஆண்டுக்குப் பிறகு வெஸ்லி வந்து பார்த்தபோது அந்த ஊர்களில் சாராயக்கடை ஒன்றுகூட இல்லை.

சரி, ஊர் திருந்தியது. சோறு வந்ததா என்றால் இல்லை. பழைய குத்தகைகள் முடிய வாடகையை ஏற்றினார்கள். 1760இல் ஒரு கூட்டம் லிமெரிக் துறையிலிருந்து கப்பல் ஏறியது. அதில் கையரிடம் படித்த தச்சுத் தொழிலாளி பிலிப் எம்பரியும், அவருடைய உறவுக்காரப் பெண் பார்பரா ஹெக்கும் இருந்தார்கள். 1765இல் வெஸ்லி மறுபடி பாலிங்ரேனுக்கு வந்தபோது மிச்சம் இருந்தவர்களுக்குத்தான் பிரசங்கம் செய்ய முடிந்தது. எவ்வளவு பாடுபட்டும் சாப்பாட்டுக்கும் துணிக்கும் வழியில்லாமல் மற்றவர்கள் சிதறிப்போனார்கள் என்று நாட்குறிப்பில் எழுதுகிறார். அடுத்த வரியில் கோபம். மனிதாபிமானம் கிடக்கட்டும், இப்படிப்பட்ட குடிகளைப் பட்டினி போட்டுத் துரத்தும் நிலக்கிழார்களுக்கு அறிவாவது இருக்க வேண்டாமா என்று கேட்கிறார். அவர் எழுதியவற்றில் எனக்கு மிகப் பிடித்த இடங்களில் இது ஒன்று.

நியூயோர்க் போனவர்கள் கொஞ்சக் காலம் சபையை மறந்தே இருந்தார்கள். 1766இல் ஒருநாள் தன் ஆட்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பதைப் பார்த்த பார்பரா சீட்டுகளை அள்ளி அடுப்பில் போட்டுவிட்டு, நேரே எம்பரியிடம் போய் நீ பிரசங்கம் செய்யாவிட்டால் நாம் எல்லோரும் நரகத்துக்குத்தான் என்று சண்டை பிடித்தாராம். முதல் ஆராதனைக்கு ஐந்து பேர். அதில் பெட்டி என்ற கறுப்பினப் பெண்ணும் ஒருவர். இரண்டு ஆண்டில், 1768இல், ஜோன் தெருவில் ஆலயம் எழுந்துவிட்டது. தச்சர் எம்பரியே அதில் வேலை செய்தார். பிரசங்க மேடையும் அவர் கைவேலை என்கிறார்கள். பிறகு அமெரிக்கப் புரட்சி வந்தது. ராஜாவின் பக்கம் நின்ற ஹெக் குடும்பம் மறுபடி இடம்பெயர்ந்து கனடா போனது. பார்பரா 1804இல் அங்கேதான் காலமானார். அந்த மனுசிக்கு ஓரிடத்தில் நிம்மதியாக இருக்கக் கொடுத்து வைக்கவில்லை.

இப்போது நீ பார்த்த ஆலயத்தின் ஆண்டைக் கவனி. அதுவும் 1766. கடல் கடந்து போனவர்கள் அங்கே தொடங்கிய அதே ஆண்டில், போகாமல் மிஞ்சியவர்கள் இங்கே கட்டியிருக்கிறார்கள். பின்னாளில் அதற்கு எம்பரி, ஹெக் இருவரின் பெயரையும் வைத்தார்கள். போனவர்கள் பெயரைச் சொல்லி இருந்தவர்கள் காத்த இடம் அது.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டி எழுத எனக்கு மனமில்லை. பஞ்சம், கப்பல், மறுபடி கப்பல். தெற்கு அயர்லாந்து தனி அரசான 1922க்குப் பிறகு அங்கிருந்து வடக்குக்கும் இங்கிலாந்துக்கும் போனவர்கள். ஆனால் கல்யாணக் கதையை மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டுக்கும் அது சம்பந்தப்பட்டது. 1908இல் ரோமிலிருந்து ஒரு ஆணை நடைமுறைக்கு வந்தது. கத்தோலிக்கரும் மற்றவரும் செய்யும் கல்யாணம் குருவானவர் முன்னால் நடந்தால்தான் செல்லும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்போம் என்று வாக்கும் கொடுக்க வேண்டும். 1950இல் ஒரு தகப்பன் அந்த வாக்கை மீறப் பார்த்தபோது அயர்லாந்தின் உச்ச நீதிமன்றமே அது சட்டப்படி கட்டுப்படுத்தும் என்று தீர்ப்புச் சொன்னது. சிறிய சபையில் பொடியனுக்கும் பெட்டைக்கும் ஆள் தேட எங்கே போவது? ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு குடும்பம் கரைந்தது. 1970இல்தான் அந்த விதி தளர்ந்தது. யாரும் வாளெடுக்காமல் ஒரு சமூகம் சிறுத்த விதம் இதுதான். ஆகவே ஆட்கள் குறைவு என்பதைப் பார்த்து அந்தச் சபை ஏதோ தவறியது என்று நினைத்துவிடாதே.

இதை வைத்துக் கத்தோலிக்கரோடு கோபிக்கவும் கூடாது. வெஸ்லி 1747இல் முதன்முதல் டப்ளினில் இறங்கிய சில நாளிலேயே ஒன்றைக் கண்டுகொண்டார். ஐரிஷ்காரரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் பிதாக்களின் சமயத்திலேயே இருக்கிறார்கள், கத்தோலிக்கரை ஒடுக்கும் தண்டனைச் சட்டங்களை விட்டால் புரட்டஸ்தாந்தருக்கு அவர்களை மாற்ற வேறு வழி தெரியவில்லை, பிறகென்ன ஆச்சரியம் என்று எழுதினார். 1749இல் கத்தோலிக்கர் ஒருவருக்கு எழுதுவதுபோல் ஒரு திறந்த கடிதம் வெளியிட்டார். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி யோசிக்க முடியாவிட்டாலும் ஒரே மாதிரி நேசிக்கலாம் என்பது அதன் சாரம். அதே ஆண்டுதான் கோர்க் நகரில் நிக்கலஸ் பட்லர் என்ற பாட்டுக்காரன் போதகர் அங்கியை மாட்டிக்கொண்டு கும்பலைக் கூட்டி மெதடிஸ்தரை அடித்து நொறுக்கினான். முறைப்பாட்டை எடுத்த நடுவர் குழு அதைத் தள்ளிவிட்டு, வெஸ்லியின் தம்பி சாள்ஸ் வெஸ்லியைத்தான் ஊர்சுற்றி என்று எழுதி வைத்தது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் கத்தோலிக்கர் அல்ல, புரட்டஸ்தாந்தப் பெரிய மனிதர்கள். இதையும் உன் சிநேகிதிக்குச் சொல். ஆனால் வெஸ்லியை ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். 1780இல் கத்தோலிக்கருக்கு உரிமை கொடுப்பதை எதிர்த்து எழுதியவரும் அவரேதான்.

இனி நம் கதை. தோமஸ் கோக் என்பவர் அயர்லாந்து மெதடிஸ்தரின் ஆண்டு மாநாட்டுக்குப் பலமுறை தலைமை தாங்கியவர். ஆசியாவுக்கு மிஷன் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, செலவுக்குத் தன் சொந்தப் பணம் 6,000 பவுண் வரை தருவதாகச் சொன்னார். 1813 டிசம்பர் முடிவில் கப்பல் புறப்பட்டது. 1814 மே 3ஆம் தேதி காலையில் அவர் தன் அறையில் இறந்து கிடந்தார். இந்து சமுத்திரத்திலேயே அடக்கம் செய்தார்கள். தலைவர் இல்லாமல் ஜூன் 29ஆம் தேதி இலங்கையின் காலித் துறையில் வந்து இறங்கியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் லிஞ்ச். ஐரிஷ்காரர், அதுவும் கத்தோலிக்க வீட்டில் பிறந்து மெதடிஸ்தரானவர். அவரும் கூட வந்த ஸ்குவான்ஸ் என்ற மிஷனரியும் அந்த ஆண்டே யாழ்ப்பாணம் வந்தார்கள். 1816இல் லிஞ்ச் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிதான் பேர்சிவல் என்ற மிஷனரியின் காலத்தில் மத்திய பாடசாலை என்று பெயர் மாறி, பின்னாளில் யாழ் மத்திய கல்லூரியானது. உன் அப்பப்பா அங்கேதான் படித்தார். 1817இல் லிஞ்ச் சென்னைக்குப் போய் அங்கேயும் மிஷனைத் தொடங்கி வைத்தார்.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரின் சம்பத்திரிசியார் கல்லூரியின் பெயரும் அயர்லாந்தின் காவல் புனிதரின் பெயர்தான். அங்கேயும் ஐரிஷ் குருமார் படிப்பித்திருக்கிறார்கள். ஆக, யாழ்ப்பாணத்தில் நாமும் கத்தோலிக்கரும் கிரிக்கெட்டில் மோதிக்கொண்ட இரண்டு பக்கத்துக்குப் பின்னாலும் அதே தீவுதான் இருந்தது. அம்மாவின் ஆட்கள் சம்பத்திரிசியார் பக்கம் என்பதால் இதை வீட்டில் சத்தமாகச் சொல்வதில்லை.

நீ எந்த ஆலயத்துக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. வேலை, பஸ், மழை எல்லாம் உனக்குத்தான் தெரியும். நகரத்தில் ஓ'கொனல் தெருவில் இருக்கும் ஆலயம் பிரெஸ்பிட்டேரியரும் மெதடிஸ்தரும் சேர்ந்து நடத்துவது, ஒவ்வொரு ஞாயிறும் போக அதுவே வசதி. பாலிங்ரேனுக்கு இடைக்கிடை போனால் போதும். அடுத்தமுறை போகும்போது ராத்கீலில் பழைய ரயில் நிலையத்தில் இருக்கும் பாலட்டைன் அருங்காட்சியகத்தையும் ஒருக்கால் பார். படம் எடுத்து அனுப்பு. வெஸ்லி மரத்தடியில் பிரசங்கித்த அடேர் என்ற ஊரும் வழியில்தான் வரும்.

அந்தக் கல்யாணக் கதையை ஏன் இழுத்தேன் என்று உனக்கு விளங்கியிருக்கும். நீ சொன்ன பொடியன் கத்தோலிக்கன் என்று அம்மா இரண்டு நாள் யோசித்தா, பிறகு தானும் அப்படி வந்தவள்தானே என்று சிரித்துவிட்டா. எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அவனுடைய தாய் தகப்பனோடு நான் எப்போது கதைக்கலாம் என்று கேட்டு எழுது. அம்மா கறித்தூள் இடித்து வைத்திருக்கிறா, வருகிற மாதம் ஆள் வரும்போது கொடுத்து விடுகிறோம்.

அன்புடன்,
அப்பா